வாரியப் பெருமக்கள்



பள்ளி மேலாண்மைக் குழுக்களுக்கும் நூலக வாசகர் வட்டங்களுக்கும் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் புதிதாக அங்கத்தினரானவர்கள் கூடியிருக்கும் இந்த அவையில் என்னைப் பேச அழைத்த அன்பர் தம் கடிதத்தின் அடியில் ஒரு கேள்வியை எழுதியிருந்தார். தம் பிள்ளை படிக்கும் பள்ளியின் குழுவுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு தாய் அவரைக் கேட்ட கேள்வியாம் அது. சம்பளம் இல்லை, வந்து போகும் பஸ் செலவுக்குக்கூட வழி இல்லை, மாதத்தில் ஒரு மாலைப் பொழுது முழுதாகப் போய்விடுகிறது, அப்படியிருக்க, அடுப்படி வேலையையும் வயல் வேலையையும் போட்டுவிட்டு ஒருத்தி அந்த நாற்காலியில் போய் உட்காருவதால் அவளுக்குக் கிடைப்பது என்ன? சேவை என்ற ஒரே சொல்லைச் சொல்லி அந்தத் தாயின் வாயை அடைத்துவிடுவது நியாயமாகாது என்று எனக்குத் தோன்றிற்று. கேள்வி நேர்மையான கேள்வி. பாடுபட்டுப் பிழைக்கிறவர்கள் தம் பொழுதைக் கொடுப்பதற்கு முன் கேட்டே தீரவேண்டிய கேள்வி. அதற்கு என் அனுபவத்திலிருந்தும், நம் நாட்டுப் பழைய வழக்கத்திலிருந்தும், எனக்குத் தெரிந்த அளவில் பதில் சொல்லவே இன்று வந்திருக்கிறேன்.

பழைய வழக்கத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். மின்சார வாரியம், வீட்டு வசதி வாரியம், குடிநீர் வாரியம் என்று நாம் நாள்தோறும் சொல்கிறோமே, அந்த வாரியம் என்னும் சொல் அரசாங்க அலுவலகங்களில் மொழிபெயர்ப்புக்காக நேற்று உண்டாக்கப்பட்ட சொல் அன்று. காஞ்சிபுரத்துக்குத் தெற்கே உத்திரமேரூரில் வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபத்தின் சுவர்க் கற்களில், முதலாம் பராந்தக சோழனுடைய 12-ஆம் ஆட்சியாண்டிலும் 14-ஆம் ஆட்சியாண்டிலும், அதாவது கி.பி. 919-ஐயும் 921-ஐயும் ஒட்டி, அவ்வூர்ச் சபையார் வெட்டிவைத்த இரண்டு சாசனங்களில் அந்தச் சொல் திரும்பத் திரும்ப வருகிறது. ஊர்க் காரியங்களைப் பொதுவாகப் பார்த்துக்கொள்ள சம்வத்சர வாரியம், தோட்டங்களைப் பார்த்துக்கொள்ள தோட்ட வாரியம், நீர்நிலையைக் காக்க ஏரி வாரியம், இவை தவிரப் பொன்னின் மாற்றைப் பார்க்க ஒரு வாரியம், பஞ்சவாரம் என்று மற்றொன்று. அவற்றில் அமர்ந்தவர்களைச் சாசனம் வாரியப் பெருமக்கள் என்று அழைக்கிறது. பெருமக்கள் என்ற பட்டத்தைப் பார்த்து, அது ஏதோ உயர்ந்த போகம் நிறைந்த பதவி போலும் என்று எண்ணி மேலே படிக்கிறவனுக்கு, அடுத்தடுத்த வரிகளில் கிடைப்பதெல்லாம் கட்டுப்பாடுகளே.

வாரியத்துக்கு வரவேண்டியவன் கால் வேலிக்கு மேல் இறை கட்டும் நிலம் உடையவனாக இருக்க வேண்டும். தன் மனையில் தானே கட்டிய வீட்டில் குடியிருக்க வேண்டும். கல்வி உடையவனாக, காரியத்தில் நிபுணனாக, நேர்வழியில் தேடிய பொருளுடையவனாக இருக்க வேண்டும். முதற் சாசனத்தில் வயது 30-க்கு மேல் 60-க்குள் என்று இருந்தது. இரண்டே ஆண்டில் அதை 35-க்கு மேல் 70-க்குள் என்று மாற்றினார்கள். இந்த மாற்றத்தைக் காணும்போதெல்லாம் எனக்கு ஒரு பரவசம் உண்டாகிறது. எழுதியது கல்லில், ஆயினும் நடைமுறையில் ஒரு குறை தென்பட்ட உடனே, கல்லில் எழுதிவிட்டோமே என்று சும்மா இராமல், மறுபடியும் கூடி ஆலோசித்து, அடுத்த கல்லில் திருத்தி எழுதினார்களே, அந்த மனப்பான்மையை நான் எந்தக் கோபுரத்தின் உயரத்துக்கும் குறைவாக மதிப்பதற்கில்லை.

எல்லாக் கட்டுப்பாடுகளிலும் கடுமையானது கணக்கைப் பற்றியது. முன்பு ஏதேனும் ஒரு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவன் மறுபடியும் குடவோலையில், அதாவது தேர்தலுக்காகக் குடத்தில் இடும் ஓலையில், பெயர் எழுதப்படத் தகுதியற்றவன். அவனோடு நின்றதா என்றால் இல்லை. அவனுடைய சிற்றன்னை பேரன்னை மக்கள், அத்தை மக்கள், மாமன், தந்தையோடு உடன்பிறந்தான், மாமனார், மனைவியோடு உடன்பிறந்தான், உடன்பிறந்தாளை மணந்தவன், அவள் மக்கள், மருமகன், தகப்பன், மகன் என்று உறவுமுறை ஒன்று விடாமல் அத்தனை பேருக்கும் அந்த வாசல் அடைக்கப்படுகிறது. ஒருவன் செய்த பிழைக்கு உறவினரைத் தண்டிப்பது இக்காலத்து நீதிக்குப் பொருந்தாது. நானும் அதை ஆதரிக்கவில்லை. ஆனால் கிராமத்தை அறிந்தவர்களுக்கு அந்தப் பட்டியலின் காரணம் உடனே விளங்கும். அண்ணன் தின்ற பணத்தைத் தம்பி பதவிக்கு வந்து மூடிவிடுவதும், மாமனார் காலத்துக் கணக்கை மருமகன் காலத்தில் கரையான் அரித்துவிடுவதும் 1,100 ஆண்டுகளுக்கு முன்பே அவர்கள் கண்கூடாகக் கண்டிருந்த காட்சிகளாக இருக்க வேண்டும். அப்படிக் கண்டிராத ஒருவருக்கு அத்தனை உறவுமுறைகளையும் அவ்வளவு பொறுமையாக எண்ணி எழுதத் தோன்றியிராது.

இனித் தேர்ந்தெடுக்கும் முறை. ஊர் குடும்பு என்னும் 30 பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையோர் பெயர்களை ஓலை நறுக்குகளில் எழுதி, குடும்பின் பெயர் எழுதிய வாயோலை கட்டி, எல்லாக் கட்டுகளையும் ஒரு குடத்தில் இடுவார்கள். இளையோர் முதியோர் உட்பட மகாசபை முழுவதும் கூடியிருக்கும். ஊரில் இருக்கும் பூசை செய்யும் நம்பிமார் ஒருவர் விடாமல் மண்டபத்தின் உள்ளே அமர்ந்திருப்பார்கள். அவர்களில் மூத்தவர் ஒருவர் எழுந்து நின்று, எல்லோருக்கும் தெரியும்படி அந்தக் குடத்தை உயர்த்திப் பிடிப்பார். விவரம் ஏதும் அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு ஒரு குடும்பின் கட்டை எடுக்கச் செய்து, அதை அவிழ்த்து வேறொரு குடத்திலிட்டுக் குலுக்கி, அதிலிருந்து ஓர் ஓலையை அச்சிறுவனே எடுத்து மத்தியஸ்தன் கையில் கொடுக்க வேண்டும். மத்தியஸ்தன் அந்த ஓலையை ஐந்து விரல்களையும் அகல விரித்து உள்ளங்கையிலே வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்கியதை உரக்க வாசிக்க வேண்டும். அவன் வாசித்த அதே ஓலையை உள்ளே இருக்கும் நம்பிமார் அனைவரும் ஒருவர் பின் ஒருவராக வாசிக்க வேண்டும். அதன் பிறகே பெயர் எழுதிக்கொள்ளப்படும்.

விரித்த அந்த ஐந்து விரல்களை நீங்கள் மனக்கண்ணில் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். விரலிடுக்கில் வேறோர் ஓலையை மறைத்து வைத்திருந்து மாற்றிவிடக்கூடும் என்று சந்தேகித்தவர்கள், அந்தச் சந்தேகத்தை முணுமுணுப்பாக வைத்துக்கொள்ளாமல் விதியாக்கிக் கல்லில் வெட்டினார்கள். மத்தியஸ்தனும் அதை அவமானமாகக் கொள்ளவில்லை. கையை விரித்துக் காட்டுவது அவன் உத்தியோகத்தின் ஓர் அங்கம்.

இப்படி வந்த 30 பேரில், முன்பே தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் செய்தவர்கள், கல்வியாலும் வயதாலும் முதிர்ந்தவர்கள், 12 பேர் சம்வத்சர வாரியத்துக்கும், மற்றவர்களில் 12 பேர் தோட்டத்துக்கும், 6 பேர் ஏரிக்கும் போவார்கள். காலம் 360 நாள். இடையில் குற்றம் கண்டால் உடனே விலக்கப்படுவார்கள். முன்பு வாரியம் செய்து மூன்று ஆண்டு கழியாதவர்கள் மறுபடி வரக்கூடாது என்றும் விதி இருந்தது.

இந்தச் சாசனத்தைப் புகழும்போது சொல்லாமல் விடக்கூடாத ஒன்றும் உண்டு. அது பிராமணர்களுக்குக் கொடுக்கப்பட்ட ஒரு சதுர்வேதி மங்கலத்தின் சபை. நிலமும் வேதக் கல்வியும் உடைய ஆண்களுக்கே அந்தக் குடத்தில் ஓலை இருந்தது. ஏரி மடையைத் திறந்தவனுக்கும், தோட்டத்துக்கு நீர் இறைத்தவனுக்கும், அந்த நீரைக் குடத்தில் சுமந்து வந்தவளுக்கும் அங்கே இடம் இல்லை. உலகத்து ஜனநாயகத்துக்கே தாய் என்று மேடைகளில் அதைச் சொல்கிறவர்கள் இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். முறையின் நுட்பத்தை நாம் எடுத்துக்கொள்வோம்; வாசலின் குறுக்கத்தை அங்கேயே விட்டுவிடுவோம்.

ஆங்கிலேயர் காலத்து வரலாற்றை நான் விரிக்கப் போவதில்லை. 1882-ஆம் ஆண்டு மே மாதம் ரிப்பன் பிரபு வெளியிட்ட தீர்மானமே நம் நகரசபைகளுக்கும் ஜில்லா போர்டுகளுக்கும் புதிய உயிர் கொடுத்தது. அதில் என் மனத்தைக் கவர்ந்த அம்சம் ஒன்று. ஸ்தல ஸ்தாபனங்களால் நிர்வாகம் உடனே சீர்படும் என்று அவர் வாதாடவில்லை. ஜனங்களுக்கு அரசியல் பயிற்சி கிடைக்கும் என்பதையே முதன்மையாக வைத்தார். அந்தப் பயிற்சி எத்தகையது என்பதற்கு நம் நாட்டிலேயே சாட்சி உண்டு. சக்கரவர்த்தி ராஜகோபாலாச்சாரியார் 1917-இல் சேலம் நகரசபைத் தலைவரானார். ஈரோட்டு நகரசபைத் தலைமையை அதற்கு அடுத்த ஆண்டு ஈ. வெ. ராமசாமி ஏற்றார். பிற்காலத்தில் கொள்கையில் இருவரும் இரு துருவம் ஆனார்கள். ஆனால் குடிநீர்க் குழாய், தெரு விளக்கு, குப்பை வண்டி, வரி பாக்கி என்ற ஒரே அரிச்சுவடியை ஏறக்குறைய ஒரே காலத்தில் அடுத்தடுத்த ஊர்களில் இருவரும் படித்தார்கள்.

இனி என் கதைக்கு வருகிறேன். என் இருபத்தெட்டாவது வயதில், எங்கள் பக்கத்துக் கூட்டுறவுக் கடன் சங்கம் ஒன்றின் நிர்வாகக் குழுவில் என்னைச் சேர்த்தார்கள். பட்டம் பெற்றவன், நாலு எழுத்து ஆங்கிலத்தில் எழுதத் தெரிந்தவன் என்பதே காரணம். மாதத்துக்கு ஒருமுறை கூட்டம். கிடங்கின் முன்னறையில் நீண்ட மேசை. மேசையின் தலைப்பில் தலைவர். அவர் பக்கத்தில் செயலாளர். தீர்மானப் புத்தகம் முன்கூட்டியே எழுதி முடிந்திருக்கும். பக்கத்தின் அடியில், எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ அங்கே பென்சிலால் சிறு புள்ளி வைத்திருப்பார்கள். காப்பி வரும். மழை பெய்ததா, நெல் என்ன விலைக்குப் போகிறது என்று பேசிக்கொண்டே புத்தகத்தைக் கைமாற்றி, அவரவர் புள்ளியில் அவரவர் கையெழுத்திட்டு எழுந்து போவோம். முதல் ஆறு மாதம் நானும் அவ்வாறே செய்தேன். அதை மரியாதை என்று எண்ணினேன். செயலாளர் எழுதியதை வாசித்துப் பார்ப்பது அவரைச் சந்தேகிப்பதாகும் என்பது என் எண்ணம்.

எங்கள் குழுவில் எழுத்தறியாத ஒரு விவசாயி இருந்தார். பெரியவர் என்றே எல்லோரும் அழைப்போம். அவர் மாத்திரம் புத்தகம் தம்மிடம் வந்ததும் கைரேகை வைக்க மாட்டார். மைப்பெட்டியைத் தள்ளி வைத்துவிட்டு, "எழுத்துத் தெரியாதவனுக்கு வாசிச்சுக் காட்டித்தானே ரேகை வாங்கணும்? வாசிங்கய்யா, கேட்டுக்கறேன்" என்பார். செயலாளர் வேகமாக வாசிப்பார். "கொஞ்சம் நிதானமா" என்பார் பெரியவர். காப்பி ஆறிப்போகும். மற்றவர்கள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று முணுமுணுப்பார்கள். நானும் முணுமுணுத்தவர்களில் ஒருவன்.

ஏழாவது மாதம். கிடங்குக் கூரைக்கு ஓடு மாற்றிய செலவின் இரண்டாம் தவணையை அங்கீகரிப்பதாக ஒரு தீர்மானம். முதல் தவணை அதற்கு முந்திய கூட்டத்திலேயே நிறைவேறிவிட்டது. அன்று பெரியவர் காய்ச்சலென்று வரவில்லை; நான் கையெழுத்திட்டிருந்தேன். இப்போது தீர்மானம் வாசிக்கப்பட்டது. பெரியவர் கேட்டார்: "எத்தனை ஓடு?" செயலாளர் எண்ணைச் சொன்னார். "எந்தப் பக்கம் மாத்தினது?" "இரண்டு பக்கமும்." பெரியவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, எந்தக் கோபமும் இல்லாமல், மாட்டுக்குத் தண்ணீர் காட்டியாயிற்றா என்று கேட்கும் குரலில், "வடக்குப் பக்கம் பாசி அப்படியே கிடக்குதே, புது ஓட்டுலேயா பாசி பிடிச்சிருக்கு?" என்றார்.

எல்லோரும் எழுந்து வெளியே போனோம். கிடங்கின் வடபுறம் வண்டி நிறுத்தும் இடம். பெரியவர் சந்தை நாளெல்லாம் அங்கேதான் மாட்டை அவிழ்த்துக் கட்டுவாராம். தலை நிமிர்ந்து பார்த்தேன். தெற்குச் சரிவில் ஓடுகள் செங்காவியாகப் பளபளத்தன. வடக்குச் சரிவில் கரும்பச்சைப் பாசி, ஓட்டுக்கு ஓடு இடைவெளி, ஓரிடத்தில் சிறிய அரசங்கன்று. ஆறு மாதமாக மாதந்தோறும் அந்தக் கூரையின் கீழே உட்கார்ந்து காப்பி குடித்தவன் நான். அந்தக் கூரையை நிமிர்ந்து பார்த்தது அன்றுதான்.

விசாரணை நடந்தது, பணத்தில் ஒரு பகுதி திரும்பியது, விவரங்கள் இங்கே வேண்டாம். ஆனால் வடபுறம் ஓடு மாற்றி முடிப்பதற்குள் ஐப்பசி மழை வந்துவிட்டது. யூரியா மூட்டைகள் நனைந்து கல்லாக இறுகிவிட்டன. சாக்கை அவிழ்த்து, உலக்கையால் இடித்துத் தூளாக்கிப் பார்த்தார்கள், வயலுக்கு உதவவில்லை. சங்கத்தையே நம்பி வந்த சிறு விவசாயிகள் அந்தப் போகத்தில் வெளியே கடனுக்கு உரம் வாங்கினார்கள். என் கையெழுத்தின் கனம் எவ்வளவு என்று எனக்குத் தெரிந்தது, அந்த இறுகிய மூட்டைகளில் ஒன்றைத் தூக்கிப் பார்த்த அன்றைக்கு.

அதன் பின்பு நான் பெரியவர் பக்கத்தில் உட்காரத் தொடங்கினேன். தீர்மானங்களை அவருக்கு வாசித்துக் காட்டும் வேலையை நானே ஏற்றுக்கொண்டேன். அவருக்காக உரக்க வாசிக்கும்போதுதான், கண்ணால் ஓடவிட்டிருந்தால் தப்பிப் போயிருக்கக்கூடிய சொற்கள் என் காதில் விழுந்தன. மத்தியஸ்தன் வாசித்த ஓலையை நம்பிமார் அனைவரும் மறுபடி வாசிக்க வேண்டும் என்று உத்திரமேரூரார் ஏன் விதித்தார்கள் என்பது, அந்தச் சாசனத்தைப் பிற்காலத்தில் நான் படித்தபோது, எனக்கு யாரும் விளக்காமலே விளங்கிற்று.

புதிய அங்கத்தினர்களிடம் ஒரு மயக்கம் இருப்பதைக் கண்டிருக்கிறேன். அங்கத்தினரானதும் தமக்கு ஓர் அதிகாரம் வந்துவிட்டதாக எண்ணி, பள்ளியில் நுழைந்து ஆசிரியையை வகுப்பில் வைத்து அதட்டுவதும், நூலகரிடம் இந்தப் புத்தகத்தை எடுத்து அந்த அலமாரியில் வையும் என்று உத்தரவிடுவதும், சத்துணவுக் கூடத்தில் கரண்டியைப் பிடுங்கிக் கிளறிப் பார்ப்பதும் நடக்கின்றன. குழுவின் அதிகாரம் குழு கூடியிருக்கும் பொழுதுக்கே உரியது. குறைவெண் நிறைந்து, நிகழ்ச்சி நிரலின்படி விவாதித்து, தீர்மானம் எழுதப்பட்ட பிறகு அது குழுவின் குரல். கூட்டம் கலைந்ததும் அங்கத்தினர் மறுபடியும் சாதாரணப் பிரஜை. ஆனால் தனியாக இருக்கும்போதும் அவருக்கு எஞ்சியிருப்பது ஒன்று உண்டு: பார்க்கவும் கேட்கவுமான உரிமை. ரொக்கப் பேரேட்டைக் காட்டுங்கள், செலவுச் சீட்டு எங்கே, இருப்புப் பதிவேட்டில் உள்ள பெஞ்சுகளும் அறையில் உள்ள பெஞ்சுகளும் எண்ணிக்கையில் ஒத்திருக்கின்றனவா என்று கேட்பதற்கு மற்றவர்களுக்கு இல்லாத நியாயம் அவருக்கு உண்டு. மரியாதையாகக் கேட்க வேண்டும். நேர்மையான ஊழியர்களே பெரும்பான்மையோர். அவர்களுக்கு அந்தக் கேள்வி துணை. மேலதிகாரியிடமிருந்து வரும் நெருக்கடிக்கு, "குழுவில் கேட்பார்கள் ஐயா" என்று பதில் சொல்ல அவர்களுக்கு ஒரு வாய்ப்பு ஏற்படுகிறது. இதை ஒரு தலைமையாசிரியரே என்னிடம் கண் கலங்கச் சொல்லியிருக்கிறார்.

உடன்பாடில்லாத தீர்மானம் நிறைவேறுமானால், என் மாறுபட்ட அபிப்பிராயத்தைப் பதிவு செய்யுங்கள் என்று கேட்பதும் உங்கள் உரிமை. அதை எழுதிக்கொள்ளச் சிலர் தயங்குவார்கள். எழுதியபின் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். நான் 11 ஆண்டுகள் குழுக்களில் இருந்ததில், என் கட்சி வென்ற தீர்மானங்களைக் காட்டிலும் தோற்ற தீர்மானங்களே அதிகம். தோற்றபின் அதே மேசையில், வென்றவரோடு அடுத்த பொருளைப் பற்றிப் பேசத் தொடங்குவதற்கு ஒரு மனப்பக்குவம் வேண்டியிருக்கிறது. அது எனக்கு எந்தக் கல்லூரியிலும் கிடைக்கவில்லை. தெருவில் முகம் கொடுத்துப் பேசாதவரோடு, ஒரு கிணற்றைத் தூர் வாரும் விஷயத்தில் ஒரே பக்கம் கை தூக்கியிருக்கிறேன். மறுநாள் அவர் என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார்.

கிடைப்பது என்ன என்று கேட்ட தாய்க்கு நான் சொல்லக்கூடிய முதற் பதில் இதுதான்: உன் ஊர் உனக்குத் தெரிய வரும். நாம் பிறந்து வளர்ந்த ஊர்தானே, தெரியாமலா இருக்கிறது என்று தோன்றும். எதிரே இருக்கும் இந்தக் கட்டடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இது நம் வாசகசாலை. இதில் அடுக்கியிருக்கும் புத்தகங்கள் யார் பணத்தில் வந்தவை? நம் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். ரூபாய்க்கு 10 காசு நூலக வரி என்று தனியே காட்டியிருக்கும். சீர்காழியில் பிறந்து, கணித ஆசிரியராக இருந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரான எஸ். ஆர். ரங்கநாதன் ஆண்டுக்கணக்கில் வாதாடி, அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி மந்திரியாக இருந்தபோது, 1948-இல் நிறைவேறிய பொது நூலகச் சட்டத்தின் பலன் அது. அந்த வரியை வசூலிப்பது நகராட்சியும் ஊராட்சியும். செலவிட வேண்டியது நூலக ஆணைக்குழு. வசூலித்த இடத்திலிருந்து செலவிட வேண்டிய இடத்துக்குப் பணம் காலத்தில் போய்ச் சேருகிறதா என்பது ஒரு கேள்வி. குடிமகன் என்ற முறையில் இந்தக் கேள்வி எனக்கு நாற்பது வயது வரை தோன்றவே இல்லை. வாசகர் வட்டத்தில் உட்கார்ந்த மூன்றாம் மாதம் தோன்றிற்று. நான் கொடுத்த 10 காசு எந்தெந்த மேசைகளில் தங்கித் தங்கி ஒரு புத்தகமாகிறது என்று தொடர்ந்து போய்ப் பார்த்தேன். அதன்பின் நூலகத்தில் கிழிந்த புத்தகத்தைக் கண்டால், என் வீட்டில் ஒரு பொருள் கிழிந்ததுபோல் இருக்கிறது.

நாற்காலி எல்லோருக்கும் ஒரே விலைக்குக் கிடைத்ததில்லை என்பதையும் இந்த அவையில் நான் சொல்லியாக வேண்டும். 1992-இல் நிறைவேறிய 73-ஆம் அரசியல் சட்டத் திருத்தத்தின்படி ஊராட்சித் தலைமைகள் தாழ்த்தப்பட்ட மக்களுக்கும் பெண்களுக்கும் ஒதுக்கப்பட்டன. மேலூருக்கு அருகே மேலவளவில், அவ்வாறு ஒதுக்கப்பட்ட ஸ்தானத்துக்குத் தேர்தலில் நின்று தலைவரான முருகேசனும் அவரைச் சேர்ந்த ஐவரும் 1997 ஜூன் 30-ஆம் நாள், மதுரையிலிருந்து பஸ்ஸில் திரும்பி வரும் வழியில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அவர்கள் செய்த குற்றம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தது. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஆகிய ஊர்களில் அத்தகைய தலைவர் ஒருவர் அமர்ந்து காரியம் பார்க்க 2006-ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஆகையால், கூட்டத்துக்குப் போகும்போது யார் நாற்காலியில் அமர்ந்திருக்கிறார்கள், யார் சுவரோரம் நிற்கிறார்கள், யார் தரையில் உட்கார வைக்கப்பட்டிருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். ஓர் அங்கத்தினருக்கு நாற்காலி இல்லையென்றால் நிகழ்ச்சி நிரலின் முதற் பொருள் அதுவே. நாற்காலி வந்து சேரும்வரை மற்ற அனைவரும் எழுந்து நிற்பதை எந்தச் சட்டமும் தடுக்காது. அப்படி ஒருமுறை எழுந்து நின்றவர்களை நான் அறிவேன். கால் மணி நேரத்தில் நாற்காலி வந்தது.

உத்திரமேரூர்க் குடத்தில் ஓலை இல்லாதிருந்தவர்களுக்கு இன்று சட்டமே ஓலை எழுதிப் போட்டிருக்கிறது. 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டத்தின்படி, பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்குக்குக் குறையாமல் பெற்றோரே இருக்க வேண்டும். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். பள்ளி நடக்கும் விதத்தைக் கவனிப்பது, வளர்ச்சித் திட்டம் வகுத்துக் கொடுப்பது, வந்த மானியம் எப்படிச் செலவாகிறதென்று பார்ப்பது, இவையெல்லாம் அவர்கள் கடமை. நிலம் வேண்டாம், வேதம் வேண்டாம், சொந்த மனை வேண்டாம். அந்தப் பள்ளியில் ஒரு பிள்ளை படித்தால் போதும். இவ்வளவு அகலமான வாசலை நம் நாட்டில் வேறெந்த வாரியத்துக்கும் நான் கண்டதில்லை.

சென்ற ஆண்டு அப்படிப்பட்ட ஒரு கூட்டத்தில் பார்வையாளனாக ஓர் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். சுற்றுச்சுவர், கணினி அறை, ஆண்டு விழா என்று பெரிய விஷயங்கள் பேசப்பட்டன. செங்கல் சூளையில் வேலை செய்யும் ஓர் அம்மாள், கூட்டம் முடியப்போகிற நேரத்தில், தலைமையாசிரியையைப் பார்த்து, "டீச்சர், தண்ணித் தொட்டிக் குழாய் ஒண்ணாங்கிளாஸ் புள்ளைங்களுக்கு எட்டலையே, எம் பொண்ணு மத்தியானம் வரைக்கும் தண்ணி குடிக்காமலே இருந்துட்டு வருது" என்றாள். தலைமையாசிரியை திகைத்துப்போனார். அவரும் நல்லவர், நாள்தோறும் அந்தத் தொட்டியைக் கடந்து போகிறவர், ஆனால் அவர் உயரத்துக்கு அந்தக் குழாய் சரியாகவே இருந்தது. எல்லோரும் வெளியே வந்தோம். அந்த அம்மாள் தன் மகளைத் தொட்டி அருகே நிறுத்தினாள். சிறுமி நுனிக்காலில் நின்று கையை நீட்டினாள். விரல் நுனிக்கும் குழாய்த் திருகுக்கும் நடுவே ஒரு சாண். ஒருவர் துடைப்பக்குச்சி ஒன்றை ஒடித்து, தரையிலிருந்து அந்தப் பிள்ளையின் நெஞ்சு மட்டத்துக்கு அளந்து, அந்த அளவில் நகத்தால் ஓர் அடையாளம் வைத்தார். அந்தக் குச்சியைத் தீர்மானப் புத்தகத்தின் பக்கத்தில் வைத்துக்கொண்டே உயரத்தைக் கணக்கிட்டு எழுதினார்கள். எழுதியதை வாசிக்கச் சொல்லி அம்மாள் கேட்டாள். வாசித்தார்கள். அவள் தன் பெயரை, எழுத்துக்கு எழுத்து நிறுத்தி, வரிக்கு வெளியே போய்விடாதபடி எழுதினாள்.

இங்கே வருகிற வழியில் அந்தப் பள்ளிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன். தொட்டியின் கீழ்ப்பக்கம் தாழ்வாக மூன்று குழாய்கள் போட்டிருக்கிறார்கள். ஒன்றின் திருகு கழன்று, கயிற்றால் கட்டியிருந்தது. சிந்துகிற தண்ணீர் போவதற்கு இன்னும் வாய்க்கால் வெட்டவில்லை, காலடியில் சேறு. அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரல் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தது. அதில் மூன்றாவது பொருளாக அந்த வாய்க்கால் இருக்கிறது.